வாவியின் இரவும் றப்பர் மீனும்

நெய்தலைக் கடலும் கடல் சார்ந்த இடமும் என இலக்கண நூலார் வகுத்தனர். அவ்வகுப்பினுள் கடல் என்றும் நிலம் என்றும் துணிந்து கூறமுடியாத ஓரிடமும் அடங்கும். வாவியும் கடலும் கூடும் கழிமுகமே அது. அங்கு நீர் ஒரு பருவத்தில் உவர்க்கும். மறுபருவத்தில் உவர்ப்பு இழக்கும். சென்ற மாதம் மணல்மேடாய்க் கிடந்த இடம் இந்த மாதம் ஆளை விழுங்கும் ஆழமாயிருக்கும். சங்கத்து நெய்தற் செய்யுட்கள் கழியையும், அதன் கரையிற் செறிந்த கண்டலையும், பரதவர் இரவில் ஏற்றிச் செல்லும் விளக்குகளையும் பாடுகின்றன. ஆயினும் அவ்விளக்குகள் பெரும்பாலும் கரையில் நிற்போரின் கண்ணுக்குத் தோன்றும் விளக்குகளே. விளக்கின் கீழே, இருண்ட நீரினுள் நிகழ்வது யாது என்ற அறிவு மீன்பிடிப்போரின் கையிலும் செவியிலும் வாழ்ந்து வருவது. ஏட்டில் ஏறியது சிறிதே. ஏட்டில் ஏறாத அறிவு ஒரு தலைமுறை இடையில் விடுபட்டாலே அழிந்துவிடும். அவ்வாறு அழியவிருந்த அறிவொன்று, மட்டக்களப்பு வாவிக்கரைக் குடும்பமொன்றில், எவரும் எதிர்பாராத ஒரு பொருளினால் மீண்டும் கைமாறத் தொடங்கியது. அப்பொருள் விரல் நீளமான ஒரு பிளாஸ்ரிக் மீன்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடற்கரைக்கு இணையாக ஒடுங்கி நெடிது கிடக்கும் இந்நீர்நிலை இரண்டு இடங்களிற் கடலைச் சேர்கின்றது. வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம் ஒன்று. தெற்கே கல்லாற்றுப் பக்கம் மற்றொன்று. இவ்வாயில்கள் எக்காலமும் திறந்திருப்பனவல்ல. கோடையில் அலை கொணரும் மணல் வாயிலை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொட்டி வாவி நிரம்புங் காலத்தில் வெள்ளம் அம்மணலை உடைத்துக்கொண்டு பாயும். உடையாதவிடத்து மனிதர் வெட்டிவிடுவர். வாயிலை எப்பொழுது வெட்டுவது என்பது மண்வெட்டி பற்றிய வினா மட்டுமன்று. வயலில் வெள்ளம் நிற்கக் கண்ட வேளாண்மைக்காரருக்கு அது இன்றே வெட்டப்பட வேண்டும். வாவியில் வளரும் இறாலை நம்பியிருப்போருக்கு அத்துணை அவசரம் தோன்றாது. ஒரே நீரை நோக்கி இரு தொழிலாளர் இரு வேறு நாட்காட்டிகளுடன் நிற்கும் இடம் அது.

இவ்விடத்தில் மீன்பிடிப்பு இரவுக்குரியதாய் அமைந்ததற்குத் தக்க காரணம் உண்டு. இறால் ஆழ்கடலிற் பிறந்து, குஞ்சாகக் கழிமுகத்தினூடே வாவிக்குள் வந்து, கண்டல் வேர்களின் நிழலில் வளர்ந்து, பருவமெய்தியதும் இனம்பெருக்க மீண்டும் கடலை நாடுவது. பகலிற் சேற்றிற் புதைந்திருக்கும் இறால் இருளிலேயே எழுந்து நீந்தும். வெளியேறும் பயணத்திற்கு நீர் கடலை நோக்கி இழுக்கும் வற்றைப் பயன்படுத்திக்கொள்ளும். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் ஒடுங்கிய வாயிலினூடே வாவி நீர் முழுவதும் வடிய வேண்டியிருப்பதனால் அச்சிறு வேறுபாடே வலிய நீரோட்டமாகி விடுகின்றது. வற்றும் பெருக்கும் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருவன. ஆகவே மீன்பிடிப்போனின் இரவு கடிகாரத்தால் அளக்கப்படுவதன்று. நேற்றைய இரவைக்கொண்டு இன்றைய இரவு அளக்கப்படுகின்றது.

இறால் வெளியேறும் வழியிற் காத்திருப்பது கொடுவா. வெள்ளி நிறச் செதிலும் கூனிய முதுகும் அகன்ற வாயும் உடைய இம்மீன் இரையைத் துரத்தி ஓடும் இனத்ததன்று. பாலத்தூண், கருங்கல், கண்டல் வேர் ஆகியவற்றின் மறைவில், ஓட்டம் தணிந்த நீரில் நின்று, அருகே வரும் இரையை வாயைத் திடீரெனத் திறந்து நீரோடு உறிஞ்சிக்கொள்ளும். இரவில் எழும் அவ்வோசையைக் கேட்டவர் மறப்பதில்லை. வாழை மடலால் நீரில் ஓங்கி அறைந்தாற் போன்றது அது. விளக்கொளி பட்டால் அதன் கண் செந்தணலாய் ஒளிரும். உடலின் இருபக்கமும் ஓடும் பக்கக்கோடு எனும் புலன் நீரின் மிக மெல்லிய அதிர்வையும் அதற்கு உணர்த்தும். இருளில் நிறம் அழிந்துவிட, கீழிருந்து மேல்நோக்கும் மீனுக்கு வானத்தின் மங்கிய ஒளியை மறைக்கும் கரிய உருவே இரையாகத் தோன்றுகின்றது. ஆதலால் இரவில் மீனை ஏய்க்க விரும்புவோன் கண்ணுக்கு அழகானதை அன்றி, நீருக்கு இயல்பானதையே செய்யவேண்டியவனாகின்றான்.

வாவிக்கரை மாந்தர் இதற்குக் கண்ட வழிகள் பல. இறாலுக்கு அத்தாங்கு, ஆழமற்ற நீருக்கு வீச்சுவலை, கொடுவாவுக்கு உயிருள்ள இறாலைக் கொளுவிய கைத்தூண்டில் என ஒவ்வொன்றும் ஒவ்வோர் அறிவின் விளைவு. அவற்றோடு கேட்கும் கலையும் உண்டு. தோணியின் துடுப்பை நீரில் நிறுத்தி மறுமுனையைக் காதில் வைத்தால் நீரினுள் எழும் ஒலிகள் மரத்தினூடே ஏறிவரும். கல்லடிப் பக்கத்து 'பாடும் மீன்' உலகறிந்தது இவ்வாறே. 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்திருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் இரவில் வாவியிற் படகிற் சென்று அவ்விசையைக் கேட்டு எழுதிவைத்தார். அங்கிருந்த மீனவர் அவ்வொலி ஊரியினின்று எழுவதென்று அவருக்குக் கூறினர். வெளியாருக்கு அது வியப்பு. தோணிக்காரருக்கோ இருளில் நீரைப் படிக்கும் வழிகளுள் ஒன்று.

முகத்துவாரத்தின் அருகே வாழும் முதியவர் ஒருவர் இக்கலைகளைத் தம் தாய்மாமனிடம் கற்றார். மட்டக்களப்பின் குடிமரபு தாய்வழிப்பட்டது. குடி தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதனால் ஆண்மகனுக்குத் தன் குடியின் மூத்த ஆண் தந்தையல்லர், தாயின் உடன்பிறந்தவரே. வயலும் வளவும் பெண்வழிச் செல்ல, தொழிலின் நுட்பம் மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்வது வாவிக்கரைக் குடும்பங்கள் பலவற்றுக்குப் புதிதன்று. முதியவர் பன்னிரண்டு வயதில் மாமனின் தோணியின் முன்னணியத்தில் அமர்ந்து, பேசாமல் இருக்கக் கற்றார். அதுவே முதற்பாடம். 1913 இற் கட்டப்பட்ட வெளிச்சவீட்டையும் கரையில் நின்ற இரண்டு தென்னைகளையும் ஒரு கோட்டிற் கொணர்ந்தால் அடியில் ஆழமான மடு உண்டு என்பது இரண்டாவது பாடம். இவ்வாறு ஆண்டுகள் பல கழிந்தபின் தம் தங்கையின் மகனுக்குக் கற்பிக்கும் முறை அவருக்கு வந்தது. அப்பொழுது கற்பிப்பதற்கு இரவு இருக்கவில்லை.

போர் நிகழ்ந்த ஆண்டுகளில் கிழக்கின் பல பகுதிகளில் இரவு வேளையில் வாவியிலும் கடலிலும் இறங்குவது தடைசெய்யப்பட்டும் கட்டுப்படுத்தப்பட்டும் வந்தது. விளக்கோடு சென்றவன் காணப்படுவான். விளக்கின்றிச் சென்றவன் ஐயுறப்படுவான். பகலிற் பிடித்த சிறு மீனோடு வீடுகள் அமைந்தன. போரின் இழப்புக்களை எண்ணுவோர் உயிரையும் வீட்டையும் நிலத்தையும் எண்ணுவர். அவ்வாறு எண்ணுதலே முறை. எனினும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தம் வாசலின் முன் கிடந்த நீரை இருளிற் காணாமலே வளர்ந்தனர் என்பதும் ஓர் இழப்பே. அதன் நடுவே 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடி போன்ற ஊர்கள் அழிந்தன. முதியவரின் தோணி போயிற்று. அடையாளமாய் நின்ற இரண்டு தென்னைகளும் போயின. 2009 இற் போர் முடிந்து இரவு மெல்ல மெல்லத் திரும்பியபோது மருமகன் இளைஞனாகி, வேலை தேடிக் கட்டாருக்குப் புறப்பட்டுவிட்டான். மாமனும் கற்பிப்பதைப் பற்றிப் பேசாது விட்டார். வெளிநாட்டுப் பணம் தோணியை விட மேலானது என்பதை மறுக்க அவரிடம் வாதம் இருக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து மருமகன் திரும்பியபோது, பெட்டியில் உடைகளுக்கும் பாற்பவுடருக்கும் இடையே ஒரு சிறு பிளாஸ்ரிக் பேழை இருந்தது. உடன் வேலைசெய்த வேற்று நாட்டவர் ஓய்வுநாளிற் கடற்கரையில் மீன்பிடிக்கக் கண்டு, அவனும் பழகிக்கொண்டது அது. பேழையினுள் வால் அகன்ற சிறு மீன்கள், இறால் வடிவங்கள், புழுக்கள் என மென்மையான போலி இரைகள் வரிசையாகக் கிடந்தன. தொட்டால் பச்சை மீனின் தசை போலக் குழையும். ஊரில் அவற்றுக்கு அன்றே பெயர் கிடைத்தது: 'றப்பர் மீன்'.

பெயர் அவ்வாறாயினும் அது றப்பரன்று. பொலிவைனைல் குளோரைட்டு எனும் பிளாஸ்ரிக்கை மென்மையாக்கும் எண்ணெய்ப் பொருளோடு கலந்து, சூடாக்கி, அச்சில் வார்த்துச் செய்வது. றப்பரினாற் செய்த புழுக்கள் முன்னரும் இருந்தன; அவை விறைப்பானவை. 1949 இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் நிக் கிறீம் என்பவர் தம் மனைவியுடன் வீட்டிலேயே முயன்று மென்மையான மண்புழு ஒன்றை வார்த்தெடுத்தார். இன்று உலகெங்கும் விற்கப்படும் மென் போலி இரைகளின் வரலாறு அங்கிருந்து விரிகின்றது. இதன் சிறப்பு எளிதிற் புரிவதே. மரத்தினாலோ உலோகத்தினாலோ செய்த போலி இரையை வாய்க்கொண்ட மீன் அது கடினம் என உணர்ந்து உடனே உமிழ்ந்துவிடும். மென்மையானதை ஒரு கணம் கூடுதலாக வாயில் வைத்திருக்கும். தூண்டிற்காரனுக்கு வேண்டியது அந்த ஒரு கணமே. ஈயத் தலையோடு கூடிய கொளுக்கியில் இதனைச் செருகி எறிந்து, அடியைத் தொடவிட்டு, கோலைச் சிறிது உயர்த்தித் தாழ்த்தினால் வால் ஆடி நீரில் அதிர்வை எழுப்பும். கொடுவாவின் செவிள்மூடி கத்தி போற் கூரியதாதலால் நூலின் நுனியில் தடித்த தங்கூசி முழமொன்று கட்டப்பட வேண்டும்.

மருமகன் முதலிரண்டு கிழமை நாள்தோறும் இரவில் முகத்துவாரத்துக்குச் சென்றான். நவீன கோலும் சுழலியும் கையில் இருந்தன. ஒரு மீனும் படவில்லை. அதே இரவுகளில், ஐம்பது முழத்துக்கு அப்பால், மரக்கட்டையிற் சுற்றிய தங்கூசியும் உயிர் இறாலுமாக இருந்த மாமன் மூன்று கொடுவா பிடித்தார். மூன்றாங் கிழமையில் மருமகன் வெட்கத்தை விட்டுக் கேட்டான். மாமன் அந்த றப்பர் மீனை வாங்கி, முகர்ந்து பார்த்து, விரலால் வாலை ஆட்டிவிட்டுச் சொன்னார்:

"மருமகன், உன்ட மீனுக்கு மணமும் இல்ல, உசிரும் இல்ல. என்ட இறால் சும்மா கிடந்தாலும் துடிக்கும். கொடுவா தேடி வரும். இது சும்மா கிடந்தா குப்ப. அப்ப இது எங்க விழுகுது, எந்தத் தண்ணியோட வருகுது எண்டதுதான் முழுக் கத."

"அத எப்பிடி மாமா இருட்டில தெரியிற?"

"தண்ணி அங்கிட்டும் இழுக்காம இஞ்சிட்டும் இழுக்காம நிக்கிற நேரம் ஒண்டிரிக்கு. மறுகா வெளிய இழுக்கத் தொடங்கும். கால வச்சுப் பாரு, கணுக்காலில தெரியும். அதுக்குப் பிறகுதான் நீ எறியணும். கல்லுக்கு நேர எறியாத. கல்லுக்கு மேற்பக்கம் எறிஞ்சி, தண்ணி கொண்டுபோய்க் குடுக்க விடு."

விடுபட்டுப்போன பாடங்கள் இவ்விதமே தொடங்கின. உயிர் இரையோடு பழகியிருந்தால் மருமகனுக்கு இவற்றுட் பாதியும் தேவைப்பட்டிராது. இறாலின் மணமும் துடிப்பும் தூண்டிற்காரனின் அறியாமையை ஓரளவு மறைத்துவிடும். மணமும் உயிரும் அற்ற பொருள் அவ்வாறு எதனையும் மறைப்பதில்லை. நீரோட்டம் எப்பக்கம் திரும்புகின்றது, எக்கல்லின் பின்னால் நீர் தணிகின்றது, நிலாக்காலத்தில் மீன் எந்த நிழலுக்குள் ஒதுங்குகின்றது, இருட்டுக்காலத்தில் எத்துணை தூரம் வெளியே வருகின்றது என்பவற்றை அறியாதவன் கையில் அது வெறும் பிளாஸ்ரிக்கே. புதிய கருவி பழைய அறிவைத் தேவையற்றதாக்கும் என்பது பொதுவாகக் கூறப்படும் முறைப்பாடு. இங்கு நேர்ந்தது அதன் மறுதலை. கருவி வந்தபின்னரே அறிவு கேட்கப்பட்டது. தென்னைகள் இல்லாத கரையில் வெளிச்சவீட்டோடு சேர்த்து நோக்கப் புதிய அடையாளம் ஒன்றை இருவரும் தேடினர். மடுவும் இடம்பெயர்ந்திருந்தது. மாமன் தம் மாமனிடம் கற்றதைத் திருத்தியே மருமகனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

மாரி தொடங்கி, முகத்துவாரம் திறந்த டிசெம்பர் மாதத்து இரவொன்றில் மருமகனின் றப்பர் மீனைக் கொடுவா ஒன்று கொத்தியது. கால்மணி நேரப் போராட்டத்தின் பின் கரைசேர்ந்த அம்மீன் தொண்ணூறு சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டு, ஒன்பது கிலோவை எட்டியது. மாமன் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "முட்டைக்காரி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

அவ்வொரு சொல்லில் அடங்கிய பொருள் பெரிது. கொடுவா பொதுவாக ஆணாகவே முதிர்ச்சியடைவது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, உடல் பெருத்தபின் பெண்ணாக மாறுவது. ஆகவே நீரிலுள்ள மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் தாய்களே. வளர்ந்த தாயொன்று இலட்சக்கணக்கில் முட்டையிடும். மழைக்காலத்தையொட்டி அவை உவர்நீரை நாடிக் கழிமுகத்துக்கு வருவது இனம்பெருக்குவதற்காகவே. அவ்வேளையில் அவ்விடத்திற் காத்திருக்கும் தூண்டில், மீனை அன்றி மீனின் நாளையைப் பிடிக்கின்றது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதனை உணர்ந்து சட்டம் செய்துள்ளது. அதன் கிழக்குக் கரையில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதுமான கொடுவாவை விட்டுவிட வேண்டும். நவம்பர் தொடக்கம் சனவரி முடியும்வரை பிடிப்பதே கூடாது. வாவியிற் பட்ட அம்மீன் அங்கு அளவினால் தப்பியிராது, பருவத்தினால் தப்பியிருக்கும்.

இங்கு அது தப்பவில்லை. விடியற்காலையிற் கரைக்கு வந்த வியாபாரி அதனை எடைபோட்டு எடுத்துச் சென்றான். அப்பணத்தில் மருமகனின் தங்கையுடைய காதணி அடகிலிருந்து மீண்டது. மீனை மீள நீரில் விடுவதே நாகரிகம் எனப் பொழுதுபோக்குத் தூண்டிற்காரர் கூறுவர். அவர்தம் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அவர் விடும் மீனின் விலை அவர் வீட்டு அடுப்பில் உணரப்படுவதில்லை. தாய்மீனை விட்டுவிடு என்று கட்டளையிடும் எச்சமூகமும், விட்டவனின் அந்த நாட் கூலியை யார் ஏற்பது என்ற வினாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் நாட்டில் உண்டு. சட்டப் புத்தகத்துக்கும் விடியற்காலத்துத் தராசுக்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டும் எச்சட்டமும் தானாகக் கடப்பதில்லை. ஏழையின் மீது மட்டும் சுமத்தப்படும் பாதுகாப்பு நீடிக்காது. மீன் அழிந்தபின் முதலிற் பட்டினி கிடப்பவனும் அதே ஏழை என்பதனால் பாதுகாப்பை மறுக்கவும் முடியாது. இவ்விரண்டு உண்மைகளும் ஒரே தோணியில் இருக்கின்றன. இரண்டிலொன்றை நீரில் தள்ளிவிட்டுப் பயணத்தை இலகுவாக்குவது கூடாது.

றப்பர் மீன் மீது சாட்டப்படும் மற்றொரு குற்றம் இதனினும் தெளிவானது. முதல் மாதத்தில் மருமகன் பதினொரு இரைகளைக் கற்களுக்கிடையே இழந்தான். நூல் அறுந்தால் கொளுக்கி துருப்பிடித்து அழியும், ஈயத்தலை அடியிற் கிடந்து நஞ்சாகும், பிளாஸ்ரிக்கோ அழியாது. நீரில் ஊறிப் பருத்து, கல்லுக்கல்லாய் உருண்டு திரியும். தையில் ஒருநாள் மாமனின் தங்கை கறிக்கு வெட்டிய செம்பல்லியின் வயிற்றில் பாம்புக்குட்டி போற் சுருண்டு வெளிறிய வாலொன்று இருந்தது. அதன் பின்னால் இரைப்பை வெறுமையாயிருந்தது.

"அண்ணன், இஞ்ச பாருங்க. இதத் திண்டு செமிக்கவும் ஏலா, கழிக்கவும் ஏலா. வயிறு நிறைஞ்ச மாதிரி இரிந்து பசியில செத்திரிக்கும். இந்தப் பாவம் ஆர்ட தலையில?"

மாமன் மறுமொழி கூறவில்லை. மருமகனும் கூறவில்லை. அது தன்னுடையதுதானா, பாலத்தடியிற் பொழுதுபோக்குக்காக எறிவோருடையதா என்று துணிய வழியில்லை. துணிவதாற் பயனும் இல்லை. அன்றுமுதல் இருவரும் வற்றுக்காலத்தில், நீர் மிகத் தாழ்ந்த பொழுதுகளில், கற்களிடையே இறங்கி அறுந்த நூலையும் கொளுக்கியையும் றப்பர் வால்களையும் பொறுக்கத் தொடங்கினர். கிழிந்த இரையை எறிந்துவிடாது சூடாக்கிய கத்தியால் ஒட்டிப் பயன்படுத்த மருமகன் பழகினான். வெறுங்கல் மிகுந்த இடத்தில் றப்பரை எறிவதில்லை. அங்கு இறாலே போதும் என்பது மாமன் வகுத்த விதி. ஊரிற் சிலர் நகைத்தனர். வாவியிற் கலக்கும் குப்பை முழுவதையும் எண்ணும்போது இருவர் பொறுக்கும் வால்கள் எம்மாத்திரம் என்று கேட்டோரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் தன் கையால் இட்டதைத் தன் கையால் எடுப்பதற்கு உலகம் முழுவதும் முதலில் இணங்கவேண்டும் என்ற நிபந்தனை எவ்வறநூலிலும் இல்லை.

போலி இரை மரபுக்கு ஒவ்வாதது, உயிர் இரையே தூயது எனக் கூறிவிடுவது எளிது. அவ்வாறு கூறுவோர் தங்கூசியின் வரலாற்றை மறந்துவிடுகின்றனர். 1930களில் அமெரிக்காவில் உருவான நைலோன் வாவிக்கு வந்தபோது அதுவும் வெளியாரின் பொருளே. பருத்தி நூலையும் நார்க் கயிற்றையும் அது விரட்டியது. இன்று கைத்தூண்டிற்காரர் அதனைத் தம் பாட்டன் சொத்துப் போலப் போற்றுகின்றனர். தூண்டில் எனும் கருவியே இரையின் உள்ளே இரும்பை ஒளிக்கும் ஏமாற்றுத்தான். இறாலுக்குள் ஒளித்தால் அறம், பிளாஸ்ரிக்குள் ஒளித்தால் மறம் என வகுக்க முடியாது. கேட்கத்தக்க வினாக்கள் வேறு. பிடித்தபின் நீரில் எஞ்சுவது யாது? பிடிக்காமல் விடப்படுவது எது? பிடிக்கும் வழியை அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க எவன் இருக்கின்றான்? முதலிரண்டுக்கும் றப்பர் மீன் நல்ல விடை தரவில்லை. மூன்றாவதற்கு, இந்த ஒரு வீட்டில், தந்தது.

முதியவரின் கண்ணிற் படலம் வளர்ந்துவிட்டது. இரவில் அவர் இப்பொழுது வருவதில்லை. வந்தாலும் கரையில் அமர்ந்து நீரின் ஓசையைக் கேட்டு, "வற்றுத் தொடங்கிற்று" என்று மட்டும் சொல்வார். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காதணி மீண்ட தங்கைக்குப் பதினொரு வயதில் ஒரு மகன் உண்டு. குடிமுறைப்படி அவன் அடுத்த மருமகன். றப்பர் மீன்களின் நிறங்களைப் பார்ப்பதற்காகவே அவன் முதலிற் பேழையைத் திறந்தான். பச்சை வேண்டும் என்று கேட்டவனுக்கு, இருட்டில் மீனுக்கு நிறம் தெரியாது, கறுப்பே நல்லது என்று சொல்லப்பட்டது. ஏன் தெரியாது என்று அவன் கேட்டான். அவ்வினாவுக்கு விடை சொல்ல ஓர் இரவு போதாது. அடுத்த இருட்டுக்காலத்தில் அவனையும் கூட்டிச்செல்வதென்று தீர்மானிக்கப்பட்டது. பேசாமல் இருக்க முடியுமா என்பதே அவனிடம் வைக்கப்பட்ட ஒரே நிபந்தனை. திரும்பும்போது பொறுக்கிய வால்களைப் போடும் பையைத் தூக்கிவருவதும் அவனுடைய வேலையாக இருக்கும்.